பெண் வேட்பாளர் என்றால் குமரி மாவட்டத்தில் ஓட்டு குறையுமா?

குறையாது என்றே சொல்வேன். 1957லேயே குளச்சலில் லூர்தம்மாள் சைமன் ஜெயித்து, காமராஜர் அமைச்சரவையில் அமைச்சரானார். 2009 மக்களவைத் தேர்தலில் ஹெலன் டேவிட்சன் வென்றார். விளவங்கோட்டில் விஜயதரணி 2011, 2016, 2021 என மூன்று முறை தொடர்ந்து வென்றார். அவர் கட்சி மாறி, பதவியை விட்ட பிறகு 2024ல் இடைத்தேர்தல் வந்தது. காங்கிரஸ், பாஜக, அதிமுக மூன்றுமே பெண்களை நிறுத்தின. காங்கிரஸின் தாரகை கத்பர்ட் ஜெயித்தார்.

இங்கே வாக்காளர் முதலில் பார்ப்பது கட்சி, அப்புறம் சமூகம், மதம். ஆணா பெண்ணா என்பது அதற்கும் பின்னால்தான். ஆனால் "ராத்திரி ஒரு பிரச்சினை என்றால் வருவாரா?", "வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?" என்ற கேள்விகள் பெண்ணிடம் மட்டும் வருகின்றன. அது அநியாயம். அதைவிடப் பெரிய தடை, கட்சிகள் சீட்டே கொடுக்காதது.