பெட்டி கட்டும் முன்: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: 30,000 எம்ஏஎச் என்று போட்டிருந்த பவர் பேங்கை இணையத்தில் 899 ரூபாய்க்கு வாங்கினேன். கோலாலம்பூர் செல்லும்போது சென்னை விமான நிலையச் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: விமான நிலையத்திடமிருந்து கிடைக்காது, அவர்கள் விதிப்படிதான் நடந்திருக்கிறார்கள். லித்தியம் மின்கலத்தை விமான நிறுவனங்கள் எம்ஏஎச் கணக்கில் பார்ப்பதில்லை, வாட்-மணிக் கணக்கில், அதாவது அதில் அடங்கும் மொத்த மின்னாற்றலின் அளவில் பார்க்கின்றன. எம்ஏஎச் எண்ணை 1,000 ஆல் வகுத்து, மின்கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் அந்த அளவு வந்துவிடும். உங்களுடையது 111 வாட்-மணி. பொதுவாக 100 வரை யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். 160ஐத் தாண்டினால் கொண்டுசெல்லவே முடியாது. 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணிதான், ஒரு பயணிக்கு அதுவே தாராளம். எந்த அளவாக இருந்தாலும் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும், ஏனெனில் சரக்கு அறையில் தீப்பிடித்தால் உடனே கவனிக்க அங்கே ஆள் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே தடுத்துவிட்டது. விற்பனைப் பக்கத்தில் ‘விமானத்தில் கொண்டுசெல்லலாம்’ என்று எழுதியிருந்தால் அதைப் படமெடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் விற்பனையாளர் மீது புகார் பதியுங்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் மருமகள் குருமாவுக்குக் கசகசா கேட்கிறாள். கால் கிலோ எடுத்துப் போகலாமா?
வாசகி, காரைக்குடி

பதில்: ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அந்நாட்டில் அது தடைசெய்யப்பட்ட பொருள். முந்திரியை அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பாரீசிலிருந்து திரும்பியபோது பெட்டியின் ஒரு சக்கரம் உடைந்து, மூலையும் பிளந்திருந்தது. களைப்பில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எழுதியபோது காலம் கடந்துவிட்டது என்று விமான நிறுவனம் மறுத்துவிட்டது. ஐந்தாண்டு உத்தரவாதத்தில் இது அடங்காது என்கிறார் கடைக்காரர்.
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விமான நிறுவனம் சொல்வது சரி. இந்தியாவும் பிரான்சும் ஏற்றுள்ள 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, சேதமான சாமானுக்குக் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். பெட்டி வரும் பெல்ட்டின் பக்கத்திலேயே விமான நிறுவனத்தின் சாமான் பிரிவு இருக்கும்; அங்கே புகார்ப் படிவத்தை நிரப்பி, அதன் நகலைப் பெற்ற பிறகுதான் வெளியே வர வேண்டும். அதை அன்றே செய்திருந்தால் உங்கள் நிலை வேறு.

கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். இந்த உத்தரவாத அட்டைகள் மீது எனக்கு நெடுநாள் கோபம். பெட்டி உடைவது பெரும்பாலும் விமான நிலையத்தில் தூக்கி எறியப்படும்போதுதான். ஆனால் ‘தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்’ என்று தொடங்கும் அட்டைகள் பலவும், போக்குவரத்தில் கையாளும்போது நேரும் சேதத்தைப் பொடி எழுத்தில் விலக்கிவிடுகின்றன. அப்படியானால் அந்த ஐந்தாண்டு, பரணில் கிடக்கும் பெட்டிக்குத்தான். ‘உடையாது’ என்று ஒட்டியிருந்த சீட்டை நம்பி நான் அதிக விலை கொடுத்து வாங்கிய பெட்டி, முதல் பயணத்திலேயே கைப்பிடி கழன்று வந்தது. சீட்டு மட்டும் கிழியாமல் இருந்தது. எனவே அட்டையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். பாலிகார்பனேட் ஓடு அழுத்தினால் வளைந்து மீளும். மலிவான ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடு விரிசல் விடும். சக்கரம் ரிவெட் அடிக்கப்படாமல் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தால், உள்ளூர்ப் பழுதுக்கடையிலேயே மாற்றிவிடலாம். சாதாரண ஜிப்பைப் பேனா முனையால் குத்திப் பிரித்து, பூட்டைத் தொடாமலே மறுபடி மூடிவிட முடியும் என்பதால், நகையையும் மருந்தையும் எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும் அந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெறும் பெட்டியின் எடையையும் கேளுங்கள். 23 கிலோ அனுமதியில் ஐந்து கிலோவைப் பெட்டியே தின்றுவிட்டால் மிச்சம் பதினெட்டுதான்.

விற்கும்போது ‘விமானச் சேதமும் சேரும்’ என்று கடைக்காரர் விளம்பரத்திலோ ரசீதிலோ எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. வாய்ச்சொல் மட்டும்தான் என்றால் நிரூபிப்பது கடினம்.

கேள்வி: டெக்சஸில் படிக்கும் மகளுக்கு இங்கிருந்து மின்சார ரைஸ் குக்கர் எடுத்துப் போகிறேன். பிளக் மாற்றி வாங்கினால் போதுமா?
வாசகர், மதுரை

பதில்: போதாது. அது பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர, மின்னழுத்தத்தை மாற்றாது. அங்கே 120 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் அதில் கால் பங்கு வெப்பம்தான் தரும், அரிசி ஊறுமே தவிர வேகாது. ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்ட கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களுக்கு மட்டும் மாற்றி போதும்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு என்று முகவரிடம் சொல்லித்தான் பயணக் காப்பீடு எடுத்தோம். படிவத்தை அவரே நிரப்பினார். கனடாவில் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. முன்பே இருந்த நோயை மறைத்துவிட்டோம் என்று கூறி நிறுவனம் பணம் தர மறுக்கிறது.
வாசகி, திருச்சி

பதில்: மறைத்தது நீங்கள் அல்லர் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, பயணம் முடிந்து இத்தனை அலைச்சலும் சேர்ந்தது வருந்தத்தக்கது. முதலில், நிரப்பப்பட்ட விண்ணப்பப் படிவத்தின் நகலை நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். நோயைக் குறிப்பிட்டு முகவருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல், மருந்துச் சீட்டு எது இருந்தாலும் அழிக்காதீர்கள். இந்த வழக்கின் உயிர் அவற்றில்தான். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர்) அலுவலகத்துக்குச் செல்லுங்கள். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பு வழங்கலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் செல்ல வேண்டும். இதே விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் அவர் ஏற்கமாட்டார். காப்பீடு எடுக்கப்போகும் மற்றவர்கள், படிவத்தின் நோய்ப் பகுதியையாவது தங்கள் கையால் நிரப்புவது நல்லது.

கேள்வி: அட்டைத் தகவலைத் திருடவிடாத ஆர்எப்ஐடி (ரேடியோ அலை) தடுப்புப் பணப்பை அவசியமா?
வாசகர், சேலம்

பதில்: இல்லை. நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதன் தோல் உரிந்துவிட்டது. பயணியின் பணம் போவது பெரும்பாலும் கூட்டத்தில் பைக்குள் நுழையும் கையால்தான். தேவையற்ற நேரத்தில் அட்டையின் தொடாப் பரிவர்த்தனையை (இயந்திரத்தின் அருகே காட்டினாலே பணம் செலுத்தும் வசதியை) வங்கிச் செயலியில் அணைத்து வையுங்கள், அது இலவசம்.

கேள்வி: சிங்கப்பூருக்குப் பணம் திரும்பாத டிக்கெட் வாங்கிய பிறகுதான் பாஸ்போர்ட் நான்கு மாதத்தில் முடிவதைக் கவனித்தேன். விமான நிறுவனம் எதுவும் சொல்லவில்லையே?
வாசகர், வேலூர்

பதில்: சிங்கப்பூர் ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டைக் கேட்கிறது என்பதை உங்களுக்கு யார் வீடு தேடி வந்து சொல்ல வேண்டும்? தட்காலில் புதுப்பிக்க முயலுங்கள். முடியாமல் டிக்கெட்டை ரத்துசெய்தாலும், அடிப்படைக் கட்டணம் போனாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதைக் கேட்டு வாங்குங்கள்.