தாய்க்கு வந்த வயதிலேயே மகளுக்கும் முடக்குவாதம் வருமா?

வணக்கம். தாயாருக்கு 38 வயதில் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டு அழற்சி நோய்) தொடங்கியதால், 31 வயதாகும் உங்களுக்கும் அதே வயதில் வந்துவிடுமோ என்றும், மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படியொரு வயதுக் கணக்கு இந்நோய்க்குக் கிடையாது.

மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது உண்மைதான். எச்.எல்.ஏ-டி.ஆர்.பி.1 என்னும் மரபணுவின் சில வடிவங்களில், அது உருவாக்கும் புரதத்தின் 70 முதல் 74 வரையிலான இடங்களில் ஏறத்தாழ ஒரே மாதிரியான அமினோ அமில வரிசை அமைந்திருக்கிறது; இவ்வடிவங்களே நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அவ்வடிவங்களைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு நோய் சற்று இளவயதிலேயே தொடங்கும் போக்கு பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ஆயினும் இவ்வடிவங்கள் நோயே வராத ஏராளமானோரிடமும் உள்ளன. ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவருக்கு அது வருவது ஏறத்தாழ 15 சதவீதம்தான். ஆகவே மரபணுப் பரிசோதனை உங்களுக்கு விடை தராது என்பதே என் கருத்து.

புகைப்பழக்கம் இருந்தால் உடனே விட்டுவிடுங்கள். இம்மரபணு வடிவங்களோடு அது சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது. காலையில் விரல் மூட்டுகளின் இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களைப் பக்கவாட்டில் சேர்த்து அழுத்தும்போது வலித்தாலோ, தாமதிக்காமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். தேவையெனில், முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி-சிசிபி என்னும் இரத்தப் பரிசோதனைக்கு அவர் எழுதித் தருவார்.