சின்னத் தீவில் ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டி, மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்ய எந்தப் பக்கம், எந்த நேரம் நல்லது?

சுருக்கமாகச் சொன்னால், காற்று மறைவான கரை, காலை நேரம். வெப்பமண்டலத்தில் தடக்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். பருவக்காற்று அடிக்கும் பகுதி என்றால் இது தலைகீழாகலாம்.

ஆனால் காற்றைவிட ஓதத்தைத்தான், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதைத்தான், நான் முதலில் பார்ப்பேன். பவளத்திட்டு சூழ்ந்த தீவில், ஏற்றத்தின்போது உள்ளே வந்த நீரெல்லாம் வற்றத்தின்போது திட்டிலுள்ள ஒன்றிரண்டு இடைவெளிகள் வழியாகத்தான் வெளியேறும். அந்த வாய்ப்பக்கம் ஓட்டம் ஆற்றுவெள்ளம் மாதிரி இழுக்கும். மேலே பார்த்தால் அலைகூட இருக்காது, அதுதான் ஏமாற்றும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல் குறுக்கே நீந்தி விலகுங்கள். நீர் நன்றாக வற்றியபின் போனால் வயிறு பவளத்தில் உரசும். எனவே ஏற்றம் உச்சத்தை நெருங்கும் நேரமே வசதி. அது நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், நேற்றைய நேரத்தை நம்பி இறங்காதீர்கள்.

அப்புறம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். குப்புற மிதக்கும்போது முதுகு வேகுவது தெரியவே தெரியாது. கயாக்கில் (துடுப்புப் போடும் சிறு படகில்) போவதென்றால் முதலில் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்.