படிக்கட்டை மறிக்காதீர்கள்: வெளியூர் ஆட்டக் கேள்வி பதில்

எங்கள் கால்பந்து அணிக்குப் பின்னால் ஊர் ஊராக அலைய ஆரம்பித்து 20 வருடம் ஆகிறது. அதில் பாதிக் காலம் டிரம் அடித்தேன். தோள்பட்டை மக்கர் செய்த பிறகு பேனர் கட்டும் வேலைக்கு மாறினேன். இந்த சீசனில் வெளியூர் ஆட்டங்களுக்குப் புது ஆட்கள் நிறையப் பேர் வருவதாகத் தெரிகிறது. ரசிகர் பகுதியில் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். அது கிளப் அலுவலகத்தின் வேலை.

கேள்வி: முதல் தடவை வருகிறேன் அண்ணா. பாட்டு ஒன்றும் தெரியாது. சும்மா வாயசைத்தால் திட்டுவார்களா?

யாரும் திட்ட மாட்டார்கள். பெரும்பாலான பாட்டுகள் இரண்டு அடிதான், திரும்பத் திரும்ப வரும். இரண்டு சுற்று கேட்டால் மூன்றாவது சுற்றில் தானாக வாயில் வந்துவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். முன்னால் ஒருவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, நம்மைப் பார்த்து நிற்பார். அவர்தான் கேபோ. 90 நிமிடமும் ஆட்டத்தைப் பார்க்காமல் நம் முகத்தையே பார்க்கிற மனிதர். கோல் விழுந்ததே நம் முகத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும். அவர் ஒரு பாட்டை எடுத்திருக்கும்போது நீங்கள் வேறொன்றை ஆரம்பிக்காதீர்கள். அவர் இரண்டு கையையும் தூக்கினால் சத்தத்தை நிறுத்துங்கள்.

கை தட்டும்போது டிரம் சத்தத்தைக் கேட்டுத் தட்டாமல் கேபோவின் கையைப் பார்த்துத் தட்டுங்கள். டிரம்மிலிருந்து 60 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்கு அந்தச் சத்தம் வந்து சேரக் கிட்டத்தட்ட 0.2 நொடி ஆகும். பின்வரிசை எப்போதும் அரைத் தாளம் பின்தங்குவது இதனால்தான். நான் டிரம் அடித்த முதல் வருடம் பின்வரிசைக்காரர்களுக்குத் தாளமே வராது என்று நினைத்துக் கடுப்பாகிக்கொண்டிருந்தேன். தப்பு அவர்களுடையது இல்லை.

அப்புறம், படிக்கட்டில் நிற்காதீர்கள்.

கேள்வி: அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் எங்கே கிடைக்கும்?

கிளப் அலுவலகம்.

கேள்வி: என் நண்பன் எதிரணி ரசிகன். அவர்கள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நம் பகுதியில் என்னோடு உட்காரலாமா?

கூடாது. அடி விழும் என்பதற்காகச் சொல்லவில்லை, பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் அவர்கள் கோல் போட்டால் அவன் துள்ளுவான். அதைத் தாங்குகிற மனநிலையில் அந்த நேரத்தில் அங்கே ஒருவர்கூட இருக்க மாட்டார். சாதாரணச் சட்டையில் வந்து வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமென்றால் கூட்டி வாருங்கள். நீங்கள் உள்ளூர் ரசிகர்களின் பகுதியில் டிக்கெட் வாங்கினாலும் இதே கதைதான். நம் கோலுக்கு அங்கே எழுந்து கத்தினால் செக்யூரிட்டி வந்து வெளியே கூட்டிப்போவார். குறை சொல்ல முடியாது.

இரண்டு அணி வண்ணமும் பாதிப் பாதியாக இருக்கிற ஸ்கார்ஃப் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். வாங்கிவிட்டீர்கள், சரி. பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஃப்ளேர் (புகையும் வெளிச்சமுமாக எரிகிற தீக்குச்சி) கொளுத்தினால் போட்டோவில் அட்டகாசமாக இருக்கிறதே. கையில் பிடிப்பதுதானே, எறிவதில்லையே?

1992இல் பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில் பாய்ந்து வந்த ஃப்ளேர் பட்டு 13 வயதுப் பையன் இறந்தான். 2013இல் பொலிவியாவின் ஒருரோவில், பிரேசில் அணி கொரிந்தியன்ஸ் ஆடிய ஆட்டத்தில், வெளியூர் ரசிகர் பகுதியிலிருந்து வந்த ஃப்ளேர் பட்டு 14 வயதுப் பையன் இறந்தான். இரண்டும் சீறிப் பாய்கிற வகை, உண்மைதான். கையில் பிடிக்கிற வகையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிகிறது, தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. நெருக்கியடித்து நிற்கிற கூட்டத்தில் அதைக் கீழே போட்டால் எங்கே விழும்? பக்கத்து ஆளின் காலடியில்.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா நடத்தும் போட்டிகளில் ரசிகர்கள் செய்கிற வேலைக்கு அவர்களின் கிளப்தான் பொறுப்பு. பட்டாசு, லேசர், பொருள் எறிவது எல்லாமே அதில் அடங்கும். கொளுத்தியவர் முகத்தை மூடிக்கொண்டு போய்விடுவார். அபராதம் கிளப்புக்கு. சில சமயம் அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு நம் ஆட்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்கிற தண்டனையும் வரும். உங்கள் போட்டோவுக்கு இன்னொருவர் விலை கொடுப்பார்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. போன ஆட்டம் முழுக்க அவள் பார்த்தது முன்னால் நின்றவரின் முதுகைத்தான். டிக்கெட்டில் இருக்கை எண் இருக்கிறது. உட்காரச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

உரிமை இருக்கிறது. பலிக்காது, அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்ட நெரிசல், 97 பேர் பலி. நீதிபதி டெய்லர் 1990இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு இங்கிலாந்தின் மேல்தட்டு மைதானங்களில் நின்று பார்க்கிற இடங்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் இருக்கையாக்கினார்கள். ஆனால் வெளியூர் ரசிகர்கள் உட்காரவே இல்லை. இருக்கைக்கு முன்னால் 30 வருடம் நின்றார்கள். முழங்காலுக்குக் கீழே முடிந்துவிடுகிற இருக்கை முதுகு இருக்கிறதே, கோல் விழும்போது அது ஒரு பொறி. பின்னாலிருந்து கூட்டம் தள்ளும், கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்பு போய் அதில் இடிக்கும், இரண்டு வரிசை தாண்டிப்போய் விழுவீர்கள். என் இடது காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கடைசியில் 2022இல் இடுப்பளவு கம்பி வைத்த இடங்களில் நிற்க அங்கே சட்டப்படி அனுமதி வந்தது. ஜெர்மனியில் நிற்கிற இடத்தை எடுக்கவே இல்லை. டார்ட்மண்டின் தெற்கு ஸ்டாண்டில் கிட்டத்தட்ட 25,000 பேர் நிற்கிறார்கள்.

ஆக, இந்தப் பகுதியில் நிற்பதுதான் வழக்கம். உங்கள் மகளை முன்வரிசைக்குக் கொண்டுபோங்கள். அங்கே நிற்பவரிடம் ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள், மாறிக்கொள்வார்கள்.

கேள்வி: குழந்தையை எதற்கு ரசிகர் பகுதிக்குக் கூட்டி வர வேண்டும்? குடும்பங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறதே! நாங்கள் பாடத்தான் வருகிறோம்.

நம் சொந்த மைதானத்தில் நீங்கள் சொல்வது சரி.

கேள்வி: (மகளின் அப்பா) வெளியூரில் நமக்குத் தருவது ஒரே ஒரு மூலை. அதை விட்டால் எதிரணி ரசிகர்களுக்கு நடுவே உட்கார வேண்டும். அங்கே என் மகள் நம் ஜெர்சியைப் போட முடியாது என்று மேலே நீங்களே சொல்லிவிட்டீர்கள். அவளை எங்கே உட்கார வைப்பது?

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. யூஃபா போட்டிகளில் வெளியூர் ரசிகர்களுக்குக் கிடைப்பது மைதானத்தில் 5 சதவீத இடம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 3,000 இடம். சின்ன மைதானமென்றால் மொத்த இடத்தில் 10 சதவீதம். அதற்குள்தான் டிரம்காரன், எட்டு வயதுப் பெண், ஆறு மணிநேரம் பஸ்ஸில் வந்து தூங்கி வழிகிறவர், எல்லாரும் நிற்க வேண்டும். ‘வேறு பகுதிக்குப் போ’ என்கிற பதில் வெளியூரில் செல்லாது.

கேள்வி: அப்படியென்றால் எல்லாரும் உட்கார வேண்டுமா? ஒரு குழந்தைக்காக 3,000 பேரா?

நான் அப்படிச் சொல்லவே இல்லை தம்பி.

கேள்வி: நானும் சேர்ந்துகொள்கிறேன். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி நாலு மாதம். 20 நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. பாட்டெல்லாம் எனக்குத் தெரியும், உட்கார்ந்தே பாடுவேன். போன தடவை ஒருவர் ‘எழுந்து நில்லுங்கள், இல்லையென்றால் வீட்டில் டிவியில் பாருங்கள்’ என்றார்.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அடுத்த ஆட்டத்தில் டிரம்மை அவர் தலையில் கட்டித் தூக்கச் சொல்லியிருப்பேன்.

எங்கள் குழுவில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். முன்னால் இரண்டு வரிசை: குழந்தைகள், வயதானவர்கள், நிற்க முடியாதவர்கள். நடுவில் பாடுகிறவர்கள். டிரம், பெரிய கொடி, கம்பு எல்லாம் கடைசி வரிசைகளில். டிக்கெட்டில் எந்த எண் இருந்தாலும் உள்ளே போனதும் பேசி மாற்றிக்கொள்வோம். முன்கூட்டியே கேட்டால் ஒரு தடவைகூடச் சண்டை வந்ததில்லை. வந்ததெல்லாம், ஆட்டம் ஆரம்பித்த பிறகு கேட்டதால் வந்த சண்டைகள்தான்.

கேள்வி: முன்வரிசையில் பேனர் கட்டினால் அந்தக் குழந்தைகளுக்கு மறைக்காதா?

கம்பிக்கு வெளியே, கீழ்நோக்கித் தொங்கவிட்டால் மறைக்காது. ஆட்டம் ஆரம்பித்த பிறகு யார் கண்ணுக்கு முன்னாலும் இரண்டு கம்பு பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வீரர்கள் உள்ளே வரும்போது தூக்குங்கள், பந்து உருண்டதும் இறக்குங்கள்.

இந்தப் பாடம் எனக்குக் கிடைத்த விதம் வேறு. ஒரு ஆட்டத்தில் முதல் பாதி முழுக்க நானே தைத்த பேனரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் பின்னாலிருந்து ஒரு பெரியவர் தோளைத் தட்டினார். ‘தம்பி, பேனரின் பின்பக்கத் தையல் ரொம்ப நேர்த்தியாக இருக்கிறது. 45 நிமிடமாக அதைத்தான் பார்க்கிறேன்’ என்றார்.

பேனரின் வால் படிக்கட்டில் புரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிக்கெட் விஷயமாக ஒரு சின்ன சந்தேகம்...

மேலே பாருங்கள்.

கேள்வி: எதிரணியைக் கேலி செய்து பாடுவதற்கு எல்லை உண்டா?

கோல் கீப்பர் பந்தைத் தவறவிட்டால் அடுத்த 80 நிமிடமும் பாடுங்கள், அதற்குத்தான் வந்திருக்கிறோம். நிறம், மதம், வீரரின் வீட்டார், இறந்தவர்கள், விபத்துகள்: வாயே திறக்கக் கூடாது. ஹில்ஸ்பரோ, மியூனிக் (1958இல் மான்செஸ்டர் யுனைடெட் அணி சிக்கிய விமான விபத்து) போன்ற துயரங்களைக் கேலி செய்கிற பாட்டுக்கு இங்கிலாந்தில் இப்போது மைதானத்துக்குள் வரவே தடை விதிக்கிறார்கள். கேபோ அப்படி ஒன்றை எடுத்தால் நீங்கள் பாட வேண்டியதில்லை. பக்கத்தில் நாலு பேர் வாயை மூடினாலே அது அடங்கிவிடும்.

எதிரணி கைதட்டி ரசிக்கிற மாதிரியும் செய்யலாம். 2010இல் போலந்தின் லெஹ் போஸ்னான் ரசிகர்கள் மான்செஸ்டர் சிட்டி மைதானத்துக்கு வந்தார்கள். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, தோளோடு தோள் கோத்துக் குதித்தார்கள். சிட்டி ரசிகர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அதையே தங்கள் ஆட்டமாக எடுத்துக்கொண்டார்கள். பெயரும் ‘போஸ்னான்’ என்றே வைத்தார்கள். ஆட்டத்தில் தோற்ற பிறகும் இப்படி ஒன்றை அங்கே விட்டுவிட்டு வர முடிகிறது பாருங்கள்.

கேள்வி: முழு ஆட்டத்தையும் போனில் படம் பிடிக்கலாமா?

முதல் பாட்டுக்கு எடுங்கள். அப்புறம் அந்தக் கையால் தட்டுங்கள்.

கேள்வி: பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்?

பஸ் ஏற்பாடு செய்பவரைக் கேளுங்கள். எனக்கே அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: 3-0 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது 80ஆவது நிமிடத்தில் கிளம்பினால் துரோகமா? நெரிசலைத் தவிர்க்கத்தான்.

துரோகமெல்லாம் இல்லை. ஆனால் பல மைதானங்களில் வெளியூர் ரசிகர்களை ஆட்டம் முடிந்து உள்ளூர்க்காரர்கள் கலைகிறவரை வெளியே விட மாட்டார்கள். பத்து நிமிடம் முன்னால் கிளம்பிப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்பதில் என்ன லாபம்? தவிர, ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் நம் மூலைக்கு வருவார்கள். தோற்ற நாளில் வருவதுதான் அவர்களுக்குக் கஷ்டம். அப்போது காலி இருக்கைகளைப் பார்க்க வைக்காதீர்கள்.

போவதென்றால் நிதானமாகப் போங்கள். என் படிக்கட்டுப் புலம்பலுக்குக் காரணம் கேட்டு நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1971 ஜனவரி 2, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானம், ரேஞ்சர்ஸ் செல்டிக் ஆட்டம். ஆட்டம் முடிந்து வெளியேறும்போது 13ஆம் எண் படிக்கட்டில் யாரோ தடுக்கி விழ, மேலே மேலே ஆட்கள் சரிந்து 66 பேர் இறந்தார்கள். கடைசி நிமிட கோல் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடியவர்கள் எதிரே வந்த கூட்டத்தில் மோதியதுதான் காரணம் என்று இன்றும் பலர் சொல்வார்கள். விசாரணையில் அது பொய்யென்று ஆனது. எல்லாரும் ஒரே திசையில், வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். யாரும் சண்டை போடவில்லை, ஓடவில்லை. இறங்குகிற படியில் ஒருவர் விழுந்தார், பின்னால் இருந்தவர்களால் நிற்க முடியவில்லை.

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் குப்பையை நாமே அள்ள வேண்டுமா? ஜப்பான்காரர்கள் செய்கிறார்களாமே.

செய்கிறார்கள். 1998இல் அவர்களின் முதல் உலகக் கோப்பை, மூன்று ஆட்டமும் தோல்வி. அப்போதும் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பொறுக்கினார்கள். நீங்கள் எல்லார் குப்பையையும் அள்ள வேண்டாம். உங்கள் கப், நீங்கள் கிழித்த காகிதம், பேனர் கட்டிய நைலான் கயிறு. அந்தக் கயிறுதான் படியில் காலைச் சுற்றும்.

கேள்வி: டிக்கெட்...

ஐயா, என்னிடம் டிக்கெட் இல்லை. என் டிக்கெட்டே இன்னும் வரவில்லை.

கேள்வி: (மகளின் அப்பா) அடுத்த ஆட்டத்துக்கு எங்களுக்கு 19ஆவது வரிசை கிடைத்திருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பது?

ஆட்டம் ஆரம்பிக்க 40 நிமிடம் முன்னால் உள்ளே வாருங்கள். முன்வரிசைக் கம்பியில் குனிந்து பேனர் கட்டிக்கொண்டிருக்கிற ஆள் நான்தான். மகளைக் கூட்டி வாருங்கள், முடிச்சுப் போட இன்னொரு கை தேவைப்படுகிறது.

கேள்வி: அண்ணா, இடம் ரொம்ப நெருக்கமாக இருந்தால் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் படிக்கட்டில் நிற்கலாமா?

மேலே எழுதியதை முதலிலிருந்து படியுங்கள். படியில் நிற்காமல்.