கூழாங்கல் செடிக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கலாமா?

கேள்வி: வணக்கம்ங்க அண்ணா. தை மாசம் ஆன்லைனில் லித்தாப்ஸ் என்கிற கூழாங்கல் செடி இரண்டு வாங்கினேன், 640 ரூபாய். கூட வந்த அட்டையில் 'தினமும் காலையில் தண்ணீர் தெளிக்கவும்' என்று போட்டிருந்தது. அப்படியே செய்தேன். மாசி பாதியில் ஒன்று கூழாகிப் போச்சுங்க. இன்னொன்று நடுவில் பிளந்து, உள்ளே புதுசாக ஏதோ முளைக்கிறது. வெளி இலை இரண்டும் சுருங்கிக்கொண்டே வருது. சுருங்கினதைப் பிய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றலாமுங்களா? விற்றவரைக் கேட்டால், உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார்.
– திருப்பூர் வாசகி

பதில்: பிய்க்க வேண்டாம்ங்க அம்மணி. தண்ணீரும் ஊற்ற வேண்டாம். அந்த இரண்டாவது செடி சாகவில்லை, புது இலை விட்டுக்கொண்டிருக்கிறது.

லித்தாப்ஸுக்கு ஒரு சமயத்தில் இரண்டே இலைதான். வருஷத்துக்கு ஒரு முறை அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து புது ஜோடி வரும். பழைய ஜோடி தன்னிடம் இருக்கும் தண்ணீரையும் சத்தையும் புதியதற்குக் கொடுத்துவிட்டுத் தான் வற்றும். கடைசியில் வெங்காயத் தோல் போலக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் நாம் ஊற்றினால் பழைய இலை வற்றாமல் கொழுத்து நிற்கும், புதியது நடுவில் நெருக்குப்பட்டு வெடிக்கும் அல்லது அழுகும். உங்கள் முதல் செடிக்கு நேர்ந்தது அநேகமாக இதுதான். நான் வளர்த்த முதல் மூன்று செடிகளும் இதே மாசி மாதத்தில், இதே பரிவால்தான் போயின. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதன் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும். மழை அரிதான கல்லாங்காட்டில், கற்களோடு கல்லாகக் கிடந்து, மேயும் விலங்குகளின் கண்ணுக்குத் தப்பிக்கும் செடி. 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயப் பயணி விசித்திரமான கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்த பிறகுதான் அது செடி என்று அவருக்குத் தெரிந்தது. அங்கே உடம்பின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும், மேல் தட்டு மட்டும் வெளியே தெரியும். அந்தத் தட்டில் கண்ணாடி போன்ற பகுதிகள் உண்டு, வெளிச்சம் அவற்றின் வழியாக உள்ளே இறங்கும். நம் காட்டில் களையாக முளைக்கிறதே சாரணைக்கீரை, அது இதற்குப் பங்காளி, ஒரே குடும்பம். ஆனால் சாரணை ஒரு மழைக்குத் தழைத்துவிடும். இது மானாவாரிக்கும் மானாவாரி.

இப்போது செய்ய வேண்டியது: செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக எடுத்து வேரைப் பாருங்கள். பெரும்பாலும் வெறும் தேங்காய் மஞ்சித் தூளில்தான் வைத்து அனுப்பியிருப்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது, எடையும் குறைவு, கூரியர் செலவு மிச்சம். காய்கறி நாற்றுக்கு அது அருமையான பொருள். லித்தாப்ஸுக்கு அதுவே எமன், ஒரு தடவை நனைந்தால் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். புது இலை வரும் சமயத்தில் வேரைக் கலைப்பது நல்லதல்லதான். ஆனால் ஈர மஞ்சியில் விட்டு வைப்பது அதைவிட மோசம். தூளைக் கையால் உதிர்த்துவிட்டு, நிழலில் மூன்று நான்கு நாள் அப்படியே கிடக்க விடுங்கள்.

புது மண்ணுக்குச் செங்கல்லை உடைத்து, மிளகு அளவு சல்லியாகச் சலித்து எடுங்கள். அதோடு பருமணல். எம் சாண்ட் என்றால் தூசி போகுமட்டும் அலசிக் காய வைக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து எட்டுப் பங்கு, சலித்த செம்மண் இரண்டு பங்கு. கரிசல் மண் ஒரு பிடிகூட வேண்டாம். தொட்டி சுட்ட மண்ணாக, அடியில் ஓட்டையோடு, நான்கு அங்குல ஆழமாவது இருக்கட்டும், இதன் வேர் கீழே இறங்கும். நட்ட பிறகும் தண்ணீர் கிடையாது.

பங்குனி கடைசியில் பழைய இலை முழுக்கக் காய்ந்த பின் ஒரு தடவை நன்றாக ஊற்றி வடிய விடுங்கள். சித்திரை, வைகாசி திருப்பூர் வெயிலில் இது தூங்கும். இலையின் பக்கவாட்டில் சுருக்கம் விழுந்து நாலைந்து நாளாகியும் மாறாவிட்டால் மட்டும், பொழுது இறங்கின பிறகு தொட்டி ஓரமாக இரண்டு மூன்று ஸ்பூன். ஆவணியிலிருந்து ஐப்பசி வரைதான் இதன் வளர்ச்சிக் காலம். அப்போதும் மண் அடிவரை காய்ந்த பிறகே, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை. நம் பக்கம் ஐப்பசியில்தான் மழை பிடிக்கும் என்பதால், அந்த மாதம் செடி கூரைக்கு அடியில் இருந்தாக வேண்டும். மூன்று வயசுக்கு மேற்பட்ட செடியாக இருந்தால் அந்தச் சமயத்தில் இலைப் பிளவிலிருந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு பூ வரும். சாமந்தி போல இருக்கும், மதியத்துக்கு மேல்தான் விரியும். பூ வாடியதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்குள் வைப்பதானால் கிழக்கு ஜன்னல். நாலைந்து மணி நேரம் காலை வெயில் நேராக விழ வேண்டும். ஹால் மேஜையில் வைத்தால் வெளிச்சம் தேடிக் கழுத்து நீளும், நீண்டது திரும்பக் குறையாது. இதுவரை நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டாம், வெந்த தழும்பு அடுத்த ஜோடி இலை வரும்வரை போகாது.

இனி பணம். விற்றவர் சொன்ன 'ரிட்டர்ன் கிடையாது' எல்லா இடத்திலும் செல்லாது. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் தளத்தில் விற்பவர் குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணம் தரவும் மறுக்கக் கூடாது. ஆனால் உங்கள் செடி நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் 'செடி செத்துவிட்டது' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. 'நீங்கள் தந்த அட்டைப்படி செய்ததால் அழுகியது' என்று எழுதுங்கள். அந்த அட்டைதான் உங்கள் கையிலுள்ள சாட்சி, பத்திரமாக வையுங்கள். அட்டை, பில், அழுகிய செடி, மஞ்சித் தூள் நான்கையும் படம் எடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர்.

அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. 640 ரூபாய்க்கு ஆணையம் வரை அலைய வேண்டுமா என்றால், என் யோசனை 1915 வரை கட்டாயம் போங்கள் என்பதே. அந்த அட்டை இன்னும் எத்தனை பேர் வீட்டுக்குப் போகிறதோ.

கேள்வி: நீலம், ஊதா, வானவில் நிறத்தில் லித்தாப்ஸ் விதை, 100 விதை 99 ரூபாய் என்று வருகிறதே, வாங்கலாமா?
– கோபி வாசகர்

பதில்: வேண்டாம்ங்க. நீல லித்தாப்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. சாம்பல், பழுப்பு, மங்கிய பச்சை, செம்மை கலந்த நிறங்கள்தான் இயற்கை. படத்தில் நிறத்தை ஏற்றியிருக்கிறார்கள். உண்மையான விதை கசகசாவைவிடப் பொடிசாக, தூள் போல இருக்கும். கொத்தமல்லி அளவில் ஏதாவது வந்தால் பிரிக்காமலே படம் எடுத்துப் புகார் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டலமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: 2003ஆம் வருஷத்துத் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி, நோயற்றது என்ற சான்று இல்லாமல் விதை இறக்குமதி செய்யக் கூடாது. அப்படி ஒரு சட்டம் ஏன் வேண்டும் என்று நம் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2008இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி வெளியிலிருந்து வந்ததுதான். பப்பாளியையும் மல்பெரியையும் அது என்ன பாடு படுத்தியது என்று பட்டுக்கூடு வளர்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கேள்வி: நேரில் நர்சரியில் வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவதுங்க?
– கரூர் வாசகர்

பதில்: லேசாகத் தொட்டுப் பாருங்கள், காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். அடியில் மண்ணோடு சேரும் இடம் பழுப்பாக மெத்தென்றிருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. இரண்டு ஜோடி இலை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொழுத்து நின்றால் கடைக்காரர் அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறார். பிளவுக்குள் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. மேலே பரப்பிய கூழாங்கல்லை விரலால் அசைத்துப் பாருங்கள்; பசை போட்டு ஒட்டியிருந்தால் உள்ளே மண்ணா மஞ்சியா என்று பார்க்க வழியில்லை, விட்டுவிடலாம். பரிசுக் கடைகளில் ஓட்டை இல்லாத பீங்கான் கோப்பையில் வைத்து விற்பதையும் அப்படியே விட்டுவிடுங்கள். ஊட்டியில் வாங்கி வருகிறவர்கள் சித்திரையில் வாங்க வேண்டாம், அந்தக் குளிரிலிருந்து கரூர் வெயிலுக்கு ஒரே நாளில் இறக்கினால் தாங்காது. ஆவணி, புரட்டாசியில் வாங்குங்கள்.