சப்கேரியர் எப்படி வேலை செய்கிறது? ஒரே எஃப்எம் அலையில் பாட்டும் நிலையத்தின் பெயரும் சேர்ந்து வருவது எப்படி?

நீங்கள் அநேகமாகப் பரீட்சைக்குப் படிக்கிறீர்கள். "கேரியருக்குள் இன்னொரு கேரியர்" (கேரியர் என்றால் தகவலைச் சுமக்கும் அலை) என்ற வரியை மனப்பாடம் செய்தும் ஒன்றும் பிடிபடவில்லை, சரிதானே? எங்களுக்கும் அந்த ஒரு வரிதான் கிடைத்தது. ஆய்வகத்தில், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருந்தது. உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள், தொட விட்டதில்லை.

எனக்கு விளங்கியது, யூஎஸ்பியில் செருகும் மலிவான எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) ரிசீவர் ஒன்று வாங்கிய பிறகுதான். ஒரு எஃப்எம் நிலையத்தை டீமாடுலேட் செய்து (கேரியரைக் கழற்றி, அது சுமந்ததை எடுத்து), வந்ததை ஸ்பீக்கருக்கு அனுப்பாமல் ஸ்பெக்ட்ரமாகப் போட்டுப் பார்த்தேன். 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒரு மேடு: இடது, வலது ஒலிகளின் கூட்டல். மோனோ ரேடியோவுக்கு இது போதும். அப்புறம் 19இல் ஊசி மாதிரி ஒரு கோடு, பைலட் என்ற வழிகாட்டிச் சிக்னல். 23 முதல் 53 வரை, 38க்கு இரு பக்கமும் இரண்டு மேடுகள். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் 38இல் கோடே இல்லை! அங்கே இருக்க வேண்டிய சப்கேரியரை அடக்கிவிட்டுப் பக்கப்பட்டைகளை (அந்த இரண்டு மேடுகளை) மட்டும் அனுப்புகிறார்கள்; ரிசீவர் 19ஐ இரட்டித்து 38ஐத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசியதும் அந்த இரண்டு மேடுகளும் படுத்துவிட்டன. ஒரே மைக், இரு பக்கமும் ஒரே குரல், வித்தியாசம் எங்கிருந்து வரும்?

பைலட்டின் மும்மடங்கான 57இல், இன்னொரு சப்கேரியர் மேல், சின்னதாக ஆர்டிஎஸ் என்ற தரவுச் சிக்னல், நொடிக்கு 1187.5 பிட். நிலையத்தின் பெயர் வருவது இதில். இத்தனையும் சேர்ந்த கலவைதான் பிரதான கேரியரை மாடுலேட் செய்கிறது, அதாவது அதன் அதிர்வெண்ணை ஏற்றி இறக்குகிறது.

வைஃபை, 4ஜியில் சொல்லும் சப்கேரியர் வேறு ரகம். அங்கே ஒரே தரவை ஏராளமான மெல்லிய அலைகள் பங்கு போட்டுச் சுமக்கின்றன. 4ஜியில் இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ். ஒரு சிம்பலின் (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின்) நேரத்துக்குத் தலைகீழாக (1 வகுத்தல் அந்த நேரம்) அந்த இடைவெளி இருப்பதால், ஒன்றின் உச்சியில் மற்றவை பூஜ்ஜியமாகிவிடும்; ஒன்றோடொன்று மோதாது. சைக்ளிக் ப்ரீஃபிக்ஸை (சிம்பலின் வாலை நகலெடுத்து அதன் முன்னால் ஒட்டுவதை) விட்டுவிட்டாயே என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: தெரிந்தேதான் விட்டேன், கேள்வி எஃப்எம் பற்றியது.

எஃப்எம்மை முன்பு போனிலேயே கேட்டுக்கொண்டிருந்தோம், ஹெட்போன் ஒயர்தான் ஆன்டெனா. பல போன்களில் அந்தத் துளையை எடுத்த கையோடு ரேடியோவையும் தூக்கிவிட்டார்கள். காற்றில் சும்மா வரும் நிலையத்தை இப்போது டேட்டா செலவழித்து ஆப்பில் கேட்கிறேன். அதைத் திறந்தால் முதலில் விளம்பரம் வேறு.