வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டாம், அம்மா

உங்கள் மகனுக்குக் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) கிடைத்திருக்கிறது. உங்கள் அண்ணன், ஏஐ படிக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று, வீட்டை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கச் சொல்கிறார். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் வாங்காதீர்கள். கடன் நிச்சயம் வரும், வேலைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பையன் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, ராத்திரியெல்லாம் சி மொழியில் எதையோ நோண்டுகிறான் என்று குறைபட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி. கேட் நுழைவுத் தேர்வு, ஐ.டி. கம்பெனி, அரசுத் தேர்வு எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். லினக்ஸின் மையமான கர்னல் என்ற நிரலில் பிழை திருத்தும் வேலையைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆண்ட்ராய்டு போனிலும் பெரும்பாலான சர்வர்களிலும் ஓடுவது இந்தக் கர்னல்தான். சிப் கம்பெனிகள் இதற்கென்றே ஆள் வைத்திருக்கின்றன. பேட்ச், அதாவது திருத்தம், அனுப்புகிறவரின் கல்லூரியை அங்கே யாரும் கேட்பதில்லை. ஏற்கப்பட்ட பேட்ச் அவன் பெயரோடு எல்லாரும் பார்க்கும்படி நிற்கும்.

இனி தம்பிக்கு. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்.எஃப்.டி.103 பாடம் இலவசம், அதில் தொடங்கு. பழைய லேப்டாப்பில் முழுக் கர்னலைக் கம்பைல் செய்தால், அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றினால், மணிக்கணக்காகும். லோக்கல்மாட்கான்ஃபிக் என்ற கட்டளை கொடுத்தால் உன் மெஷினில் ஓடும் மாட்யூல்கள் (கர்னலின் துணைப் பகுதிகள்) மட்டும் சேரும். சோதனையை க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் மெஷினுக்குள் செய். பிழைக்கு, கர்னலைத் தானே சோதித்துப் பிழை சொல்லும் சிஸ்பாட்டின் அறிக்கைகளைப் பார், ரீப்ரொட்யூசர் (பிழையை மறுபடி வரவழைக்கும் நிரல்) உள்ளதாக ஒன்றை எடு. அதே கிராஷை நீயே வரவழைக்கும்வரை திருத்தத்தில் கை வைக்காதே.

ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான். எழுத்துமுறையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஓட்டிவிட்டு, அந்தப் பகுதியின் பொறுப்பாளர்களை (மெயின்டெய்னர்) சொல்லும் கெட்_மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் காட்டும் அத்தனை பேருக்கும் கிட் சென்ட்-ஈமெயில் கட்டளையில் அனுப்பு. ஜிமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டேப் எல்லாம் ஸ்பேஸாகிவிடும், பேட்ச் பொருந்தாது. வெறும் எழுத்தாக இல்லாத ஹெச்டிஎம்எல் மெயிலை, பேட்ச் போய்ச் சேரும் மெயில் பட்டியலின் சர்வரே திருப்பிவிடும். பிழை நுழைந்த கமிட்டை (பதிவான பழைய மாற்றம்) கண்டுபிடித்து, அதன் அடையாள எண்ணான ஹேஷின் முதல் 12 எழுத்துகளை பேட்சின் ஃபிக்சஸ் வரியில் போடு. உன் பெயரோடு போடும் சைன்ட்-ஆஃப்-பை வரி, இந்த நிரலை அனுப்ப உனக்கு உரிமை உண்டு என்ற சட்டப்பூர்வ உறுதிமொழி, அலங்காரமாக நினைக்காதே. பதில் வரவில்லையா? ஒரு வாரமாவது பொறு. திருத்தி அனுப்பும்போது வி2 (இரண்டாம் பதிப்பு) என்று குறித்து, மாறியதை பேட்ச் விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்குக் கீழே எழுது.

ஆள் குறைவாகவும் தேவை அதிகமாகவும் இருப்பது, வெளியான பழைய கர்னல்களுக்குத் திருத்தம் சேர்க்கும் ஸ்டேபிள் பக்கத்தில். திருத்தம் முதலில் லினக்ஸை உருவாக்கிய லினஸின் மெயின்லைனில் (முதன்மைக் கர்னல்) சேர வேண்டும், சுற்றியுள்ள வரிகளோடு 100 வரிக்குள் இருக்க வேண்டும். மெயின்லைனில் பொருந்திய பேட்ச் 6.1 போன்ற பழைய பதிப்புக் கிளையில் பொருந்தாமல் போகலாம். அது நம்பியிருந்த வேறொரு மாற்றம் அங்கே போயிருக்காது. அந்த மாற்றத்தையும் கொண்டுபோவதா, பேட்சை அந்தக் கிளைக்கேற்ப மாற்றி எழுதுவதா? அதை முடிவுசெய்து, அங்கேயும் சோதித்து, மெயின்டெய்னரின் ஒப்புதல் வாங்க வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்கிறவனை அந்தக் கிளையின் மெயின்டெய்னர்கள் சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அம்மா, இதற்குச் செலவு இன்டர்நெட்டும், 8 ஜிபி ஆகும்வரை போடும் ரேமும்தான். கோச்சிங் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதல் பேட்ச் ஏற்கப்பட மாதங்கள் ஆகலாம்; மாமா முன்னால் வைத்து "என்னாச்சு" என்று கேட்காதீர்கள். ஒரு வருடத்தில் அவனுக்கே பிடிக்காமல் போனால் விட்டுவிடட்டும், இ.சி.இ. படிப்பு கையில் இருக்கும். இப்போது அவசரம் ஒன்றுதான்: கெடு முடிவதற்குள் கலந்தாய்வு இடத்தை உறுதிசெய்யுங்கள்.